மிச்ச மீனைக் கொட்டாதீர்கள்

நிலாவெளியிலிருந்து குச்சவெளி வரையான கரையோரக் கடைகளில் சாப்பிட்டுவிட்டு வருகிறவர்களிடம் ஒரே கதையைத்தான் கேட்கிறேன். சூரை மீன் சாப்பிட்டு அரை மணித்தியாலம் ஆகவில்லை, முகம் சிவந்து, தலை இடித்து, உடம்பெல்லாம் தடித்துவிட்டது. "எனக்கு மீன் ஒத்துக்கொள்ளாது போல" என்று ஒரு குளிசையைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிடுகிறார்கள். அதே மேசையில் இன்னும் மூன்று பேருக்கும் அப்படித்தான். நாலு பேருக்கும் ஒரே நேரத்தில் ஒவ்வாமை வருமா?

இது ஹிஸ்டமின் நஞ்சு. சூரை, கும்பளா போன்ற மீன்கள் ஐஸ் இல்லாமல் கிடந்தால் பக்டீரியாக்கள் தசையில் அதை உண்டாக்கிவிடும். பொரித்தாலும் அழியாது, பிறகு ஐஸில் போட்டாலும் போகாது. மணத்தில் தெரியவேண்டும் என்றும் இல்லை. நாக்கில் மிளகு கடித்ததுபோல் சுறுக்கென்றால் தட்டைத் தள்ளிவையுங்கள். "இப்பதான் கரைக்கு வந்தது சேர்" என்ற பேச்சு ஐஸுக்கு ஈடாகாது. தோணி கரைக்கு வந்தபின் மீன் எத்தனை மணி வெயிலில் கிடந்தது என்று யாரும் சொல்வதில்லை.

மூச்சு முட்டினால், தொண்டை வீங்கினால் உடனே 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். வைத்தியரிடம் என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்கு என்பதைச் சொல்லித் துண்டில் எழுதச் சொல்லுங்கள். மிச்ச மீனைச் சுத்தமான பையில் கட்டிக் குளிரில் வையுங்கள். கொட்டாதீர்கள். இதைத்தான் எல்லோரும் முதலில் கொட்டுகிறார்கள்.

அன்றைக்கே குச்சவெளி சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போய், பிஎச்ஐ என்று நாம் சொல்லும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் எழுத்தில் முறையிடுங்கள். 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழ் அவர் சமையலறையைச் சோதிக்கலாம், மாதிரி எடுத்துப் பகுப்பாய்வுக்கு அனுப்பலாம். நீங்கள் வைத்திருக்கும் மிச்சம் வழக்குக்குரிய மாதிரியாக எடுபடாமல் போகலாம். ஆனால் எந்த மீனைத் தேடுவது என்று அவருக்குக் காட்டும். "நாளைக்கு வாங்கோ" என்றால் அசையாதீர்கள். நாளைக்குச் சட்டி கழுவியாகிவிடும். முறைப்பாட்டின் பிரதியில் திகதியும் கையொப்பமும் வாங்காமல் படி இறங்காதீர்கள்.

காசு விஷயம் வேறு இடம். பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 எண்ணுக்கு அழைக்கலாம், ஆனால் பேசியதோடு விடாதீர்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, சாப்பிட்ட நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். முகநூலில் திட்டி எழுதியது முறைப்பாடு ஆகாது. நட்டஈடு கொடுக்கவோ காசைத் திருப்பித் தரவோ உத்தரவிடும் அதிகாரம் சபைக்கு உண்டு. ஆனால் கையில் பில் வேண்டும். கேட்டால் தரவேண்டியது கடைக்காரரின் சட்டக் கடமை. கடதாசித் துண்டில் கூட்டிக் காட்டிய கணக்கு பில் அல்ல. திகதி, பொருள், அளவு, விலை எல்லாம் இருக்கிறதா என்று மேசையை விட்டு எழும்புமுன் பாருங்கள்.