இறுகிய டம்ளரும் விமானத்தின் சுக்கானும்

ஒரு எவர்சில்வர் டம்ளருக்குள் இன்னொன்று இறுகிக்கொண்டால் என்ன செய்வோம்? உள் டம்ளரில் பச்சைத் தண்ணீரை ஊற்றி, வெளி டம்ளரை வெந்நீரில் வைப்போம். உள்ளது சுருங்கும், வெளியது விரியும், கழன்றுவிடும். கழற்றியபின் பார்த்தால் ஒரு கீறல்கூட இருக்காது. இதையே திருப்பிப் பாருங்கள்: வெளியே குளிர், உள்ளே சூடு. தளர்வாக இருந்த டம்ளரும் கவ்விக்கொள்ளும்.

பழைய போயிங் 737-இன் வாலில் சுக்கானை அசைத்த வால்வு இந்த அமைப்புதான். ஓர் உலோகக் கூடு, அதற்குள் ஒரு குழல், அந்தக் குழலுக்குள் இன்னொரு குழல். விமானி மிதிகட்டையை அழுத்தினால் குழல்கள் நகர்ந்து எண்ணெய்க்கு வழிவிடும். எண்ணெயின் அழுத்தம் சுக்கானைத் திருப்பும். ஒரு குழல் சிக்கினாலும் மற்றது வேலையைப் பார்த்துக்கொள்ளும் என்று நம்பினார்கள்.

1991 மார்ச் 3 அன்று அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸில் ஒரு 737 தரையிறங்கும்போது விழுந்து 25 பேர் இறந்தார்கள். அதற்கு முந்தைய ஒரு வாரத்துக்குள் இரண்டு முறை, சுக்கான் தானாக அசைகிறது என்று விமானிகள் எழுதியிருந்தார்கள், பாகங்கள் மாற்றப்பட்டன. விசாரணையில் காரணம் பிடிபடவில்லை. 1994 செப்டம்பர் 8 அன்று பிட்ஸ்பர்க் அருகே இன்னொரு 737 விழுந்தது. 132 பேர். சிதைவிலிருந்து எடுத்த வால்வைச் சோதித்தார்கள். நன்றாகவே வேலை செய்தது.

வந்து வந்து போகும் கோளாறின் கொடுமை இதுதான். உளுந்து அரைக்கையில் சூடேறி நின்றுபோகும் மிக்ஸியைக் கடைக்குக் கொண்டுபோனால் ஓடும். அதற்குள் அது ஆறியிருக்கும், கடைக்காரரும் காலி ஜாரைத்தான் சுற்றிப் பார்ப்பார். 'கோளாறு இல்லை' என்று அவர் சொல்வது பொய்யல்ல, ஆனால் அவர் உளுந்து போடவில்லை. விமானக் குறிப்பேட்டில் அதே வரியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசையும். எவ்வளவு உயரம், வெளியே எத்தனை டிகிரி, கிளம்பி எத்தனை நிமிடம் என்பதெல்லாம் புகாரோடு சேர்ந்து வந்தால்தான் மெக்கானிக்கால் உளுந்து போட்டுப் பார்க்க முடியும்.

1996 ஜூனில் ரிச்மண்ட் அருகே மூன்றாவது 737 இப்படித் திமிறியது. இம்முறை விமானிகள் பத்திரமாக இறங்கினார்கள். மிதிகட்டை எப்படி முரண்டுபிடித்தது என்பதைச் சொல்ல அவர்கள் இருந்தார்கள். அதே ஆண்டு, பிட்ஸ்பர்க் வால்வை மைனஸ் 40 டிகிரி வரை குளிரவைத்து, அதற்குள் சூடான எண்ணெயைச் செலுத்தினார்கள். நிஜப் பறப்பில் இவ்வளவு கடுமை இராது என்று தெரிந்தேதான் செய்தார்கள். வெளிக் குழல் கூட்டோடு கவ்வியது. பதிவுகளைப் பிறகு அலசியபோதுதான் இன்னும் பயங்கரமானது தெரிந்தது: வெளிக் குழல் சிக்கியிருக்க, உள் குழல் எல்லை தாண்டிப் போனால் எண்ணெய் தவறான வழியில் பாயும். வலப்பக்கம் மிதித்தால் சுக்கான் இடப்பக்கம் திரும்பும். சூடு ஆறியதும் வால்வு பழையபடி ஆகிவிடும், ஒரு கீறலும் இராது.

1999-இல் விசாரணை வாரியம் பிட்ஸ்பர்க் விபத்துக்கு இதையே காரணமாகச் சொன்னது. 2001-இல் கொலராடோ அறிக்கையையும் திருத்தியது. 2002-இல் அமெரிக்க அரசு சுக்கான் அமைப்பையே மாற்றச் சொன்னது. ஒன்றுக்குள் ஒன்று செருகிய குழல்கள் போய், தனித்தனியாக நிற்கும் இரண்டு வால்வுகள் வந்தன.