லேசான காய்ச்சல்தானே என்று விட்டுவிடலாமா?

நமது கலந்துரையாடல் அரங்கில் அன்று கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண்மணி எழுந்து ஒலிவாங்கியைக் கேட்டு வாங்கினார். நான்கு மாதக் கர்ப்பிணி. "அக்கா, எனக்கு ஒன்றும் இல்லை. வீட்டுக்காரருக்குத்தான் இரண்டு நாளாக லேசான காய்ச்சல், கண் சிவப்பு, உடம்பெல்லாம் தடிப்பு. கிளினிக் போகச் சொன்னால், இதற்கெல்லாமா போவது என்கிறார். அவருக்குக் காய்ச்சல் என்றால் நான் ஏன் பயப்பட வேண்டும்?" என்று கேட்டார்.

அரங்கில் சிலர் சிரித்தார்கள். ஆனால் அது சிரிக்கக்கூடிய கேள்வி அல்ல. இருவரும் உடனே மருத்துவரைப் பாருங்கள் என்று சுருக்கமாகச் சொல்லி அனுப்பினோம். அதற்கான காரணத்தை இங்கே விரிவாகச் சொல்கிறேன்.

2016 ஆகஸ்ட் மாதம் நினைவிருக்கிறதா? சிங்கப்பூரில் உள்ளூரிலேயே ஒருவருக்கு ஸிக்கா கிருமி தொற்றியதாக 27ஆம் தேதி சுகாதார அமைச்சு அறிவித்தது. மறுநாளே எண்ணிக்கை 41 ஆனது. அல்ஜுனிட் கிரசெண்ட், சிம்ஸ் டிரைவ் வட்டாரம்தான் மையம். பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் அங்கிருந்த கட்டுமானத் தளத்தில் வேலை செய்த ஊழியர்கள். சில நாளில் ஒரு கர்ப்பிணிக்கும் தொற்று உறுதியானது. செப்டம்பர் தொடக்கத்தில் மலேசியாவிலும் முதல் சம்பவம் பதிவானது. ஆண்டு முடிவதற்குள் சிங்கப்பூரில் 400க்கும் அதிகமானோர் பாதிக்கப்பட்டார்கள்.

பலர் இதைப் பிரேசிலிலிருந்து வந்த நோய் என்றே நினைத்தார்கள். உண்மை வேறு. இந்தக் கிருமி 1947இல் உகாண்டாவின் ஸிக்கா காட்டில் ஒரு குரங்கிடம் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. 1960களிலேயே பகாங் மாநிலத்தின் பெந்தோங்கில் பிடிபட்ட ஏடிஸ் கொசுக்களிலும் அது இருந்தது. 2016இல் சிங்கப்பூரில் பரவியதும் தென்கிழக்காசியாவில் ஏற்கெனவே உலவிய வகைதான் என ஆய்வாளர்கள் கண்டார்கள். ஆக, அது நமக்குப் புதிய விருந்தாளி அல்ல.

அப்படியானால் இத்தனை காலம் யாரும் ஏன் அஞ்சவில்லை? ஸிக்கா பெரியவர்களை அதிகம் வாட்டுவதில்லை. தொற்றியவர்களில் ஐந்து பேரில் ஒருவருக்குத்தான் அறிகுறியே தெரியும். அதுவும் லேசான காய்ச்சல், தடிப்பு, மூட்டுவலி, கண் சிவப்பு என்று ஒரு வாரத்தில் போய்விடும்.

ஆபத்து வயிற்றில் இருக்கும் பிள்ளைக்குத்தான். கிருமி தாயின் இரத்தத்திலிருந்து நச்சுக்கொடியைக் கடந்து, வளரும் மூளையின் நரம்பு அணுக்களைத் தாக்குகிறது. தலை சிறுத்துப் பிறப்பது, பார்வைக் குறை, செவிக்குறை, மூட்டு மடங்கிய நிலை ஆகியவை இதன் விளைவுகள். 2015இல் பிரேசிலில் இப்படிப் பல குழந்தைகள் பிறந்த பிறகே உலகம் விழித்தது. தொற்றுக்கு ஆளான தாய்மாரின் குழந்தைகளில் 100க்கு 5 முதல் 15 பேருக்குப் பாதிப்பு ஏற்படலாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. முதல் மூன்று மாதங்களில் ஆபத்து அதிகம். மற்ற மாதங்களிலும் இல்லாமல் இல்லை.

இனி, அந்தப் பெண்மணியின் கேள்விக்கு வருவோம். ஸிக்கா கொசுவால் மட்டும் பரவுவதில்லை; தாம்பத்திய உறவாலும் பரவும். கணவரின் 'லேசான காய்ச்சல்' மனைவிக்குத் தெரியாமலே பிள்ளையைச் சென்று சேரலாம். ஸிக்கா பரவும் இடத்துக்குப் போய் வந்தவரின் மனைவி கர்ப்பமாக இருந்தால், பிரசவம் வரை ஆணுறை அணிய வேண்டும் அல்லது உறவைத் தவிர்க்க வேண்டும்.

ருபெல்லா என்னும் ஜெர்மன் அம்மையும் கருவைத் தாக்கும். ஆனால் அதற்குக் கர்ப்பத்துக்கு முன்பே போட்டுக்கொள்ளத் தடுப்பூசி உண்டு. ஸிக்காவுக்கு இன்னும் தடுப்பூசி இல்லை. கொசு கடிக்காமல் பார்த்துக்கொள்வதே வழி. ஏடிஸ் பகலில் கடிக்கும் கொசு. கைகால்களை மூடும் உடை அணியுங்கள். டீட் கலந்த கொசு விரட்டியை உறையில் சொன்னபடி பூசிக்கொள்ளலாம். கர்ப்பிணிகளுக்கும் அது ஏற்றதே. காய்ச்சல், தடிப்பு கண்டால் தாமதிக்காமல் மருத்துவரிடம் கர்ப்பமாக இருப்பதைச் சொல்லுங்கள். டெங்கி இல்லை என்று உறுதியாகும்வரை ஆஸ்பிரின் போன்ற மாத்திரைகளை நீங்களாக விழுங்காதீர்கள்.

இவ்வளவையும் கர்ப்பிணி ஒருவரே செய்துவிட முடியாது. ஏடிஸ் முட்டை கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரம் போதும். பூந்தொட்டித் தட்டு, கவிழ்க்காத வாளி, துணி காயப்போடும் மூங்கில் செருகும் குழாய் என எங்கே நீர் தேங்கினாலும் அது கொசுவுக்குப் பிரசவ அறைதான். நம் வீட்டில் பிறக்கும் கொசு பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கடிக்கும்.

அந்தப் பெண்மணி பிறகு தகவல் அனுப்பியிருந்தார். இருவரும் பரிசோதனை செய்துகொண்டார்களாம், ஸிக்கா இல்லையாம். கிளினிக்கிலிருந்து திரும்பியதும் கணவர் செய்த முதல் வேலை, வாசலில் இருந்த பூந்தொட்டித் தட்டுகளைக் கவிழ்த்ததுதானாம்.

உங்கள் புளோக்கிலும் ஒரு கர்ப்பிணி இருப்பார். அவருக்காக இன்றே உங்கள் வீட்டு வாசலை ஒருமுறை பாருங்கள், நேயர்களே.