பால் ஆறட்டும்: உளவளத்துணை எப்படி இயங்குகிறது?

மட்டக்களப்புக்காரருக்குத் தயிர் உறைவதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. எருமைப்பாலைக் காய்ச்சி, இளஞ்சூட்டுக்கு ஆறவிட்டு, கொஞ்சம் உறைமோர் விட்டு, மண்சட்டியில் ஊற்றி மூடிவைத்தால் விடியும்போது தயிர். பேசிப் பேசி மனக்காயத்தை ஆற்றுகிற உளவளத்துணையும் ஏறத்தாழ இந்த ஒழுங்கில்தான் நடக்கிறது.

முதலில், பாலைப் பார்ப்பது. முதல் சந்திப்பில் உளவளத்துணையாளர் புத்திமதி சொல்லமாட்டார், கேட்பார். நித்திரை வருகிறதா, சாப்பாடு இறங்குகிறதா, எந்தச் சத்தத்துக்கு நெஞ்சு திடுக்கிடுகிறது, வீட்டில் யார் துணை? சொல்வது வெளியே போகாது என்பதையும், உயிருக்கு ஆபத்து போன்ற நிலைகளில் மட்டுமே பிறரிடம் சொல்ல வேண்டிவரும் என்பதையும் அப்போதே தெளிவாக்கிவிடுவார். ஒருவருக்குப் பொருந்திய முறை அடுத்தவருக்குப் பொருந்தாமல் போகலாம். அதனால்தான் இத்தனை கேள்விகள்.

பிறகு, ஆறவிடுவது. இங்கேதான் அவசரம் கெடுக்கிறது. கொதிக்கும் பாலில் உறை விட்டால் அதிலுள்ள நுண்ணுயிர்கள் செத்துப்போகும், பால் உறையாது. பதறிக்கொண்டிருப்பவரிடம் ‘நடந்ததைச் சொல்லுங்கள்’ என்று கேட்டாலும் அப்படித்தான்: அவர் அந்தக் கணத்துக்குள்ளேயே திரும்ப விழுந்துவிடுவார். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு ஆறுதல் சொல்லப் பலர் இலங்கைக்கு ஓடிவந்தார்கள். நல்ல மனதோடுதான் வந்தார்கள். ஆனால் ஒரே அமர்வில் எல்லாவற்றையும் சொல்லவைக்கும் முறை வேண்டாம் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அமெரிக்க மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன் 1992இல் வெளியிட்ட நூலில் இந்த வரிசையை வகுத்திருக்கிறார்: முதலில் பாதுகாப்பு, அடுத்து நினைவுகூர்ந்து துக்கம் கொள்ளுதல், அதன்பின் வாழ்க்கையோடு மீண்டும் இணைதல். ஆகவே ஆரம்ப வாரங்கள் மூச்சுப் பயிற்சிக்கும் நித்திரைக்கும் நேரத்துக்குச் சாப்பிடுவதற்கும் போகும். அதற்காக ஊர்க்கதையே பேசிக்கொண்டிருக்கவும் கூடாது; பச்சைத் தண்ணீராய்க் குளிர்ந்த பாலும் உறையாது.

அதன்பிறகே உறை. ஒரு கரண்டி போதும். நினைவின் ஓர் ஓரத்தை மட்டும் தொட்டு, அன்றைக்கு நிறுத்துவது. அடுத்த சந்திப்பு வரையுள்ள நாட்களில் மனம் தன் வேலையைச் செய்யும். சட்டியை ஆட்டக்கூடாது.

சட்டி என்றதும் இடம் பற்றிய கேள்வி வருகிறது. மண்சட்டி அதிக நீரை உறிஞ்சித் தயிரைக் கெட்டியாக்குவதுபோல, பொருத்தமான இடம் பேச்சின் கூச்சத்தை உறிஞ்சிவிடும். அறையில் நேருக்கு நேர் இருந்தால் கண்ணைப் பார்க்க வேண்டும். வாவிக்கரையிலோ தோணியிலோ ஒரே பக்கம் பார்த்தபடி இருந்தால் மௌனம் சங்கடப்படுத்தாது; துடுப்புப் போடும் கையோடு மூச்சும் ஒரு தாளத்துக்கு வரும். ஆனால் நீரின்மேல் குரல் வெகுதூரம் போகும், மீனவர்களுக்கு இது தெரியும். எனவே மற்றத் தோணிகளை விட்டு விலகி, தாழ்ந்த குரலில் பேச வேண்டும். கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் நாவலடியில் சுனாமிக்குப் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு, அவராகக் கேட்கும்வரை தோணி வேண்டாம். கதவு சாத்திய அறைதான் சரி.

பிள்ளைகளுக்கோ நாற்காலிப் பேச்சே பொருந்தாது. 1996இல், யுத்தம் நடந்துகொண்டிருக்கும்போதே, இயேசு சபைத் துறவி போல் சற்குணநாயகமும் கனடியக் கலைஞர் போல் ஹோகனும் மட்டக்களப்பில் வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவைத் தொடங்கினார்கள். தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் சேர்ந்து களிமண் பிசைந்தார்கள், படம் வரைந்தார்கள், கதை கட்டினார்கள். சொல்ல வாய் வராததைக் கை சொல்லட்டும் என்று விட்டதுதான் அந்தப் பூங்காவின் பெரிய அறிவு என்பேன்.

தேவைப்படுகிறவர்கள் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவில் கேட்கலாம். தேசிய மனநல உதவி இலக்கம் 1926. முதல் அழைப்பில் எல்லாவற்றையும் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை.