வான்கூவரில் தெரிவது ராக்கி மலை இல்லை! மேற்கு கனடாவில் அடுத்தடுத்து நிற்கும் மலைச்சுவர்களின் கதை

வான்கூவருக்கு வேலைக்கோ படிப்புக்கோ போன நண்பர் யாராவது உங்களுக்கு இருக்கிறாரா? அப்படியென்றால் இந்தப் போட்டோவை இன்ஸ்டாகிராமில் பார்த்திருப்பீர்கள். முன்னால் கடல், நடுவில் கண்ணாடிக் கட்டடங்கள், பின்னால் பனி மூடிய மலை. கீழே 'ராக்கீஸ்' என்று ஒரு ஹேஷ்டேக்.

மலை அழகுதான். ஆனா அது ராக்கி இல்லை. ராக்கி மலைத்தொடரைத் தொடவே அங்கிருந்து காரில் ஏழெட்டு மணி நேரம் கிழக்கே போகணும்.

வெறும் பெயர்க் குழப்பம் என்றால் விட்டுவிடலாம். ஆனால் 2021 நவம்பரில் பெய்த இரண்டு நாள் மழை, கனடாவின் மிகப் பெரிய துறைமுகமான வான்கூவரை நாட்டின் மற்ற பகுதிகளிலிருந்து தரைவழியில் துண்டித்துவிட்டது. ஒரு பணக்கார நாட்டில் அது எப்படி நடந்தது என்று புரிய, கடற்கரைக்கும் ராக்கிக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று தெரியணும். வான்கூவரிலிருந்து கால்கரிக்குச் சாலைவழி சுமார் 970 கி.மீ. மேப்பைத் திறந்து வெச்சுக்கிட்டு வாங்க, அந்த வழியிலேயே போகலாம்.

முதல் சுவர்: மழையைப் பிடித்து வைக்கும் மலை

அந்த இன்ஸ்டா போட்டோவில் இருப்பது கோஸ்ட் மவுன்டன்ஸ், அதாவது கடலோர மலைத்தொடர். பசிபிக் கடல்தட்டு ஒன்று கண்டத்துக்கு அடியில் பல கோடி ஆண்டுகளாகச் செருகிக்கொண்டே போனதில் உருகிய பாறைக்குழம்பு, நிலத்துக்குள்ளேயே ஆறி கிரானைட் ஆனது. பிறகு அது மேலே எழும்பி, மேல்மண் அரிக்கப்பட்டு வெளியே தெரிகிறது. இதன் உயர்ந்த சிகரம் மவுன்ட் வாடிங்டன், 4,019 மீட்டர். தட்டு செருகுவது இன்னும் நிற்கவில்லை. அதனால் இங்கே எரிமலைகளும் உண்டு. மவுன்ட் மீகர் கடைசியாக வெடித்தது சுமார் 2,400 ஆண்டுகளுக்கு முன்புதான்.

பசிபிக்கிலிருந்து வரும் ஈரக்காற்று முதலில் மோதுவது இந்த மலையில்தான். வான்கூவர் விமான நிலையத்தில் ஆண்டுக்குச் சுமார் 1,200 மி.மீ. மழை. அங்கிருந்து பாலம் தாண்டி வடக்கு வான்கூவர் மலைச்சரிவுக்குப் போனால் 2,000 மி.மீ.க்கு மேல். அதே காற்று மலையைத் தாண்டி காம்லூப்ஸ் நகரத்துக்குப் போய்ச் சேரும்போது கையில் ஒன்றும் இருக்காது. அங்கே ஆண்டு மழை 300 மி.மீ.கூட இல்லை. வான்கூவரில் பாசி படிந்த காடு, நாலு மணி நேரம் கார் ஓட்டினால் கள்ளிச்செடி.

இந்த மழை மறைவுப் பகுதியில், ஃப்ரேசர் ஆற்றுப் பள்ளத்தாக்கில் இருக்கும் சின்ன ஊர்தான் லிட்டன். 2021 ஜூன் 29 அன்று அங்கே 49.6 டிகிரி செல்சியஸ் பதிவானது. கனடாவின் வரலாற்றிலேயே அதிக வெப்பம் அது. மறுநாள் காட்டுத்தீயில் ஊரின் பெரும்பகுதி எரிந்துபோனது.

ஹோப்: எல்லா வழியும் சேரும் கழுத்து

வான்கூவரிலிருந்து கிழக்கே ஒன்றரை மணி நேரத்தில் ஹோப் என்ற ஊர் வரும். அகலமான ஃப்ரேசர் சமவெளி இங்கே சட்டென்று சுருங்கி, இரண்டு மலைத்தொடர்களுக்கு நடுவே ஒரு கழுத்து மாதிரி ஆகிவிடும். வடக்கே கோஸ்ட் மவுன்டன்ஸ், தெற்கே அமெரிக்காவிலிருந்து நீளும் காஸ்கேட் மலைகள். உள்நாட்டுக்குப் போகும் முக்கிய நெடுஞ்சாலைகள் இங்கேதான் பிரிகின்றன. இரண்டு பெரிய ரயில் நிறுவனங்களின் தண்டவாளங்களும் ஃப்ரேசர் ஆற்றை ஒட்டி இந்த வழியாகவே போகின்றன. வேற வழி போட மலை இடம் கொடுக்கவில்லை.

2021 நவம்பர் நடுவில் வந்தது 'வளிமண்டல ஆறு'. வெப்பக் கடலிலிருந்து ஈரத்தை நீண்ட பட்டையாக இழுத்து வரும் காற்றோட்டத்துக்கு அந்தப் பெயர். மழையோடு மலைமேல் இருந்த பனியும் உருகியது. கோடையில் தீ எரித்த சரிவுகளில் தண்ணீரைப் பிடித்துக்கொள்ள மரமும் இல்லை, மேல்மண்ணும் இல்லை. ஹோப்பிலிருந்து மேலே ஏறும் கோக்விஹாலா நெடுஞ்சாலை சுமார் 20 இடங்களில் சேதமானது. பாலங்கள் போயின, தண்டவாளங்கள் அந்தரத்தில் தொங்கின.

இந்தச் சாலைகளில் லாரி ஓட்டுபவர்களில் பஞ்சாபிலிருந்து குடியேறிய குடும்பத்தினர் கணிசம். அந்த வாரங்களில் சரக்கைக் கொண்டுபோக அமெரிக்காவுக்குள் நுழைந்து சுற்றிப் போக வேண்டியிருந்தது. வான்கூவர் பகுதியில் ஒரு முறைக்கு 30 லிட்டர்தான் பெட்ரோல் என்று அரசு கட்டுப்பாடு போட்டது. கோக்விஹாலா லாரிகளுக்குத் திறந்தது 35 நாள் கழித்து, டிசம்பர் 20 அன்று.

இரண்டாவது சுவர்: பீரங்கி வைத்துக் காக்கும் சாலை

காம்லூப்ஸ் பக்கத்துப் பீடபூமியை வேகமாகத் தாண்டிவிடலாம். புல்வெளி, மாட்டுப்பண்ணை, ஏரி. இரண்டு மணி நேரத்தில் மறுபடி மலை ஏறத் தொடங்கும். 'இதோ ராக்கி வந்துடுச்சு' என்று பலர் நினைப்பது இங்கேதான். இதுவும் ராக்கி இல்லை! கொலம்பியா மவுன்டன்ஸ். இதற்குள்ளேயே மொனாஷி, கரிபூ, செல்கிர்க், பர்செல் என்று நான்கு தொடர்கள் உண்டு. முதல் சுவரில் மழையை இழந்த காற்று, உயரமான இந்த மலைகளில் மிச்ச ஈரத்தையும் பனியாகக் கொட்டிவிட்டுப் போகும்.

செல்கிர்க் தொடரைக் கடக்கும் ரோஜர்ஸ் கணவாயின் உயரம் 1,330 மீட்டர்தான். ஆனால் இரண்டு பக்கமும் செங்குத்துச் சரிவு. 1885-ல் கடலையும் கடலையும் இணைத்த ரயில் பாதை இந்த வழியாகத்தான் போடப்பட்டது. 1910 மார்ச் 4 இரவு, ஒரு பனிச்சரிவு மூடிய தண்டவாளத்தைத் தொழிலாளர்கள் தோண்டிக்கொண்டிருந்தபோது, எதிர்ப்பக்க மலையிலிருந்து இன்னொரு பனிச்சரிவு இறங்கியது. 58 பேர் செத்தார்கள். அவர்களில் பாதிக்கு மேல் ஜப்பானியத் தொழிலாளர்கள். ஆறு ஆண்டுகளில் ரயில் நிறுவனம் மலையோடு போராடுவதை விட்டுவிட்டு, அடியில் 8 கி.மீ. சுரங்கம் தோண்டிக்கொண்டது.

நெடுஞ்சாலைக்கு அந்த வசதி இல்லை. 1962-ல் இங்கே சாலை திறந்ததிலிருந்து கனடா ராணுவம் குளிர்காலத்தில் ஹவிட்சர் பீரங்கியோடு வந்து நிற்கிறது. சரிவில் பனி ஆபத்தான அளவுக்குச் சேர்ந்ததும் சாலையை மூடி, குண்டு போட்டு, பனியைத் தாங்களே இறக்கிவிடுகிறார்கள். கால்கரிக்குப் போகும் உங்கள் நண்பர் 'ரோடு க்ளோஸ்' என்று மெசேஜ் போட்டால் பெரும்பாலும் காரணம் இதுதான்.

மலைகளுக்கு நடுவே ஓர் அகழி

செல்கிர்க்கிலிருந்து இறங்கினால் கோல்டன் என்ற ஊர். இது ராக்கி மவுன்டன் ட்ரெஞ்ச் என்ற நீண்ட பள்ளத்தாக்கில் இருக்கிறது. அமெரிக்காவின் மொன்டானாவிலிருந்து யூகான் எல்லை வரை சுமார் 1,600 கி.மீ. நீளும் அகழி அது. மேற்கே கொலம்பியா மலைகள், கிழக்கே ராக்கி. இரண்டும் வேறு வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான கோடு வேண்டாம்.

கொலம்பியா ஆறு பிறப்பது இந்த அகழியில். கடல் தென்மேற்கில் இருக்க, ஆறு வடமேற்கே கிளம்பும். செல்கிர்க் மலை வழி விடாததால் அதன் வடமுனையைச் சுற்றி வளைந்து, பிறகுதான் தெற்கே திரும்பும். ஆறு பிறக்கும் ஏரியிலிருந்து இரண்டே கி.மீ. தள்றி கூட்னி ஆறு நேர் எதிர்த்திசையில், தெற்கே போகிறது. நடுவில் இருப்பது வெறும் சமதரை. இப்படிப் பிரிந்து போன இரண்டும் பல நூறு கி.மீ. சுற்றிவிட்டு காசில்கார் என்ற ஊரில் சேர்ந்துகொள்கின்றன.

ஒருவழியாக ராக்கி

அகழியைத் தாண்டியதும் பாறையே மாறிவிடும். கிரானைட் இல்லை; சுண்ணாம்புக்கல், களிப்பாறை. அடுக்கடுக்காக, வெட்டி வைத்த கேக் மாதிரி தெரியும். ஏன்னா இது முழுக்கப் பழைய கடலடி. இங்குள்ள யோஹோ தேசியப் பூங்காவில் 1909-ல் கண்டுபிடிக்கப்பட்ட பர்ஜஸ் ஷேல் படிவுகளில், சுமார் 50 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கடல் உயிரினங்கள் கிடைக்கின்றன. மலை உச்சிக்கு அருகில்!

கடலடி எப்படி மலை ஆனது? இன்றைய பிரிட்டிஷ் கொலம்பியாவின் பெரும்பகுதி ஒருகாலத்தில் கண்டத்தோடு சேர்ந்தே இருக்கவில்லை. கடலில் இருந்த தீவுக்கூட்டங்கள் சுமார் 18 கோடி ஆண்டுகளுக்கு முன்பிருந்து ஒவ்வொன்றாக வந்து மோதி ஒட்டிக்கொண்டன. மேற்கிலிருந்து வந்த அந்தத் தள்ளலில் கண்டத்தின் ஓரம் மடிந்தது. கடைசியாக, சுமார் 8 கோடி முதல் 5.5 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, கிழக்கே இருந்த படிவுகள் உடைந்து ஒன்றின் மேல் ஒன்று ஏறின. கூரை ஓடு அடுக்கினது மாதிரி. கால்கரிக்கு ஒரு மணி நேரம் முன்னால் சாலையிலிருந்தே தெரியும் யாம்னஸ்கா மலையைப் பாருங்க. மேலே இருக்கும் செங்குத்துப் பாறைக்கு வயது சுமார் 50 கோடி ஆண்டு. அடியில் இருப்பதற்கு சுமார் 8 கோடி. கிழவர் பேரன் தோளில் ஏறி உட்கார்ந்திருக்கிறார்.

கனடா ராக்கியின் உயர்ந்த சிகரம் மவுன்ட் ராப்சன், 3,954 மீட்டர். கவனிச்சீங்களா, முதல் சுவரின் வாடிங்டன் இதைவிட உயரம். கனடாவிலேயே உயர்ந்த மவுன்ட் லோகன் (5,959 மீட்டர்) இன்னும் வடக்கே, யூகானில், செயின்ட் எலியாஸ் என்ற வேறு தொடரில் இருக்கிறது. புகழ் மட்டும் ராக்கிக்கு.

ஆனால் தண்ணீர் விஷயத்தில் ராக்கியை விட முடியாது. இங்குள்ள கொலம்பியா பனிவெளியின் ஸ்னோ டோம் சிகரத்தில் உருகும் நீர் மூன்று திசைகளில் பிரிந்து பசிபிக், ஆர்க்டிக், ஹட்சன் விரிகுடா என்று மூன்று பக்கக் கடல்களுக்கும் போகிறது. கால்கரியின் குடிநீர் வரும் போ ஆறும் ராக்கியில் பிறப்பதுதான். ஆண்டு முழுவதும் பார்த்தால் ஆற்றில் பெரும்பங்கு பனிப்பொழிவும் மழையும் தருவது. பனிப்பாறை கைகொடுப்பது கோடைக் கடைசியில், மழை ஏமாற்றும் வருடங்களில்.

அந்தக் கையிருப்புதான் கரைகிறது. எட்மன்டன் வழியாக ஓடும் வடக்கு சஸ்காட்சவான் ஆற்றுக்கு நீர் தரும் பேட்டோ பனிப்பாறை, கடந்த அரை நூற்றாண்டில் தன் நிறையில் சுமார் 70 சதவீதத்தை இழந்திருக்கிறது. லேக் லூயிஸிலிருந்து வடக்கே திரும்பி இரண்டு மணி நேரம் போனால் அதபாஸ்கா பனிப்பாறை. 125 ஆண்டுகளில் 1.5 கி.மீ.க்கு மேல் பின்வாங்கிவிட்டது. பனிப்பாறை எந்த ஆண்டு எதுவரை இருந்தது என்று நடைபாதையில் போர்டுகள் நட்டிருக்கிறார்கள். முதல் சில போர்டுகளைத் தாண்டும்போது பனியே கண்ணில் தூரத்தில்தான் தெரியும். உங்கள் பிறந்த வருடத்தைத் தேடிக்கொண்டே நடங்கள்.