கழுத்து ரணமும் காலதாமதமும்

வாயிலோ கழுத்திலோ சஸ்திர சிகிச்சை செய்துகொண்டவருக்கு, எல்லாம் இனிது முடிந்ததென்று வீட்டார் ஆறுதல் பெற்றிருக்கும் வேளையில் மற்றோர் அபாயம் தலைகாட்டுவதுண்டு. தோலுக்கும் தசைக்கும் இடையேயுள்ள சவ்வில் விஷக் கிருமிகள் புகுந்து அதை அதிவேகமாக அழுகச் செய்கின்றன. அபூர்வமான வியாதிதான், ஆயினும் உயிரைக் கேட்கும் வியாதி. நமது தேசத்து ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் வாய்ப் புற்று முன்னணியில் நிற்பதாலும், அதற்குச் சஸ்திர சிகிச்சையே பிரதானமாக இருப்பதாலும், ஜனங்கள் இதை அறிந்திருப்பது அவசியமெனக் கருதுகிறோம். புகையிலை, பாக்கு மெல்லும் வழக்கத்தைப் பற்றி இங்கே பேசப் போவதில்லை. அது தனி வியாசத்துக்குரியது.

வாய் எப்போதும் கிருமிகளின் வாசஸ்தலம். கத்தி வாயையும் கழுத்தையும் ஒருங்கே திறக்கும்போது அவை கீழே இறங்க வழி கிடைக்கிறது. கழுத்துச் சவ்வுகளின் இடைவெளிகள் மார்புக் கூட்டுக்குள் செல்வதால், அழுகல் இருதயத்தின் அருகு வரை எட்டிவிடலாம். நீரிழிவு உள்ளவர்களுக்கும், முன்பே கதிர்ச் சிகிச்சை பெற்றவர்களுக்கும் அபாயம் அதிகம்.

1924-ல் மெலினி என்ற அமெரிக்க வைத்தியர், பீகிங் நகரில் இவ்வியாதி கண்ட 20 பேரைப் பற்றி எழுதினார். பெனிசிலின் கண்டுபிடிக்கப்படுவதற்கு நான்கு வருஷம் முந்திய காலம் அது. தாமதமின்றி அகலமாகக் கீறித் திறப்பதையே அவர் நம்பினார். 1952-ல் வில்ஸன் என்பவர் இதற்கு இன்று வழங்கும் ஆங்கிலப் பெயரைச் சூட்டினார். மருந்துகள் எத்தனையோ பெருகிய பின்னும் மெலினியின் வழி மாறவில்லை. அழுகும் இடத்து ரத்தக் குழாய்கள் அடைபட்டுவிடுகின்றன. ரத்தம் செல்லாத இடத்துக்கு ஊசி மருந்து எவ்வாறு செல்லும்? செத்த பாகத்தை வெட்டி நீக்கினாலன்றி மருந்துக்கு வேலையில்லை. ஒரு முறை நீக்கினாலும் போதாது; மறுநாளும் திறந்து பார்த்தாக வேண்டும்.

இங்கேதான் நம்மவர் தடுமாறுகின்றனர். "ஒரு தடவை அறுத்தாயிற்றே, இன்னுமா?" என்று கையெழுத்திடத் தயங்கி, ஊரிலிருந்து பெரியவர் வரட்டுமெனக் காத்திருக்கின்றனர். அந்தச் சில மணி நேரத்தில் கழுத்தோடு நின்றிருக்க வேண்டியது மார்புக்கு இறங்கிவிடுகிறது. அவர்களைக் குறை கூறோம். பயம் மனித இயல்பு. முதல் சிகிச்சைக்கு முன்பே இப்படியும் நேரலாமென்று எடுத்துச் சொல்லாத வைத்தியசாலைகளையே குறை கூறுவோம். நோயாளியை வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு துண்டுக் காகிதத்தில் நல்ல தமிழில் எழுதிக் கொடுக்கலாகாதா? ரணத்தின் தோற்றத்துக்கு மிஞ்சிய வலி, மணிக்கு மணி பரவும் சிவப்பு, கருத்துவரும் தோல், அழுத்தினால் நறநறவென்னும் உணர்ச்சி, மூச்சுத் திணறல் ஆகியவற்றில் எது கண்டாலும், கடையில் மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு விடியட்டுமென்றிராமல், நள்ளிரவானாலும் திரும்பி வருக என்று எழுத எத்தனை வரி வேண்டும்?