ஜோக் அருவிக்கு ஒரு நாள் பயணம்

அருவி என்றதும் நம்மவர்களுக்குக் குற்றாலம்தான் நினைவுக்கு வரும். எண்ணெய் தேய்த்துக்கொண்டு போய், தலையைக் கொடுத்து நின்று, உடம்பு வெடவெடக்க வெளியே வந்து, சூடாக ஏதேனும் சாப்பிட்டால்தான் அருவிக்குப் போய்வந்த நிறைவு. ஜோக் அருவியிடம் அந்த உரிமையை எடுத்துக்கொள்ள முடியாது. எதிர்ப்புறத்தில் நின்று பார்க்கலாம், இரைச்சலைக் கேட்கலாம், சாரலில் நனையலாம். அவ்வளவுதான். குளிக்க முடியாத அருவியைப் பார்க்க 400 கிலோமீட்டர் போக வேண்டுமா என்று என் தாயார் கேட்டார். சென்ற ஆகஸ்டில் குடும்பத்தோடு போய்வந்தபின் அவரே உறவினர்களிடம் தொலைபேசியில் அரை மணி நேரம் அதைப் பற்றிப் பேசினார். பெங்களூரில் இரண்டு மூன்று தலைமுறையாக வாழ்ந்தும் ஜோக் பார்க்காத தமிழ்க் குடும்பங்கள் பல என்பதால் இதை எழுதுகிறேன்.

பயணம் எப்படி?

ஒரு நாள் பயணம் என்றாலும் முன்னும் பின்னும் ஓர் இரவு பேருந்தில் கழியும். இரவு பத்து மணியளவில் பெங்களூரில் புறப்பட்டால் விடியற்காலையில் சிவமொக்கா மாவட்டத்தின் சாகர் நகரம். அங்கே குளித்து, சிற்றுண்டி முடித்து, வழிகாட்டியுடன் பகல் முழுவதும் சுற்றிவிட்டு, அன்றிரவே புறப்பட்டு மறுநாள் காலை வீடு திரும்பலாம். அரசின் கே.எஸ்.ஆர்.டி.சி. கடந்த சில ஆண்டுகளில் மழைக்கால வார இறுதிகளில் இத்தகைய சுற்றுலாப் பேருந்துகளை விட்டிருக்கிறது. தனியார் நிறுவனங்களும் உண்டு. ரயிலை விரும்புவோர் இரவு வண்டியில் தாளகுப்பா வரை போகலாம். அங்கிருந்து ஜோக் சுமார் 15 கிலோமீட்டர்தான்.

காலையில் கோயில்கள், மாலையில் அருவி என்பதே வழக்கமான வரிசை. இந்தக் கோயில்களை அருவிக்கு முன்பு பொழுதுபோக்க வைத்திருக்கும் இடங்கள் என்று எண்ண வேண்டாம். கெளதியும் இக்கேரியும் கெளதி நாயக்கர்களின் தலைநகரங்களாக இருந்தவை. நம் மதுரை, தஞ்சை நாயக்கர்களைப் போலவே இவர்களும் விஜயநகரத்துக்குக் கட்டுப்பட்டிருந்து பின்னர் தனியரசானவர்கள். இக்கேரி அகோரேசுவரர் கோயில் முழுவதும் கருங்கல். எதிரே நந்தி மண்டபம். உள்ளே தரையைப் பார்த்து நடக்கச் சொன்னார் வழிகாட்டி. நாயக்க மன்னர்கள் வணங்கிக் கிடக்கும் கோலத்தில் கல்லில் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். கெளதி அரசி சென்னம்மாவை அறிந்துகொள்வது நமக்கு இன்னும் சுவையானது. 1689இல் முகலாயப் படையிடமிருந்து தப்பி வந்த சிவாஜியின் மகன் ராஜாராமுக்கு அவர் அடைக்கலம் கொடுத்தார். அந்த ராஜாராம் போய்ச் சேர்ந்த இடம் நம் செஞ்சிக் கோட்டை!

வரதமூலா என்ற இடத்தில் ஒரு சிறு குளம். வரதா ஆறு அங்கே பிறக்கிறது. அது கிழக்கே ஓடி, துங்கபத்திரையில் கலந்து, கிருஷ்ணா வழியாக வங்கக் கடலுக்குப் போகிறது. தீர்த்தஹள்ளி அருகே அம்புதீர்த்தத்தில் பிறக்கும் ஷராவதியோ மேற்கே திரும்பி, 128 கிலோமீட்டர் மட்டுமே ஓடி, ஹொன்னாவரில் அரபிக்கடலில் விழுந்துவிடுகிறது. ஒரே மலைநாட்டில் பெய்யும் மழை இரண்டு கடல்களுக்குப் பிரிந்து போவதைப் பிள்ளைகளுக்குப் பாடப்புத்தகத்தில் விளக்குவதைவிட அங்கே கையைக் காட்டி விளக்குவது எளிது. இராமன் அம்பெய்து நீர் வரவழைத்ததால் ஷராவதி என்று பெயர் என்பது தலபுராணம். சரம் என்றால் அம்புதானே!

நால்வர் ஆட்டம்

ஷராவதி ஒரே பாய்ச்சலில் 253 மீட்டர், அதாவது 830 அடி, கீழே குதிக்கும் இடம்தான் ஜோக். ராஜா, ராணி, ரோரர், ராக்கெட் என்று நான்கு கிளைகள். ராஜா நிமிர்ந்து நேராக விழுகிறது. ரோரர் பெருங்குரலோடு பாறையில் மோதி இறங்குகிறது. ராக்கெட் பீறிட்டுப் பாய்கிறது. ராணி மட்டும் பாறையைத் தழுவிக்கொண்டு வெண்பட்டுப் போல வழிகிறது. முழு வெள்ளம் வரும் நாளில் நான்கும் ஒன்றாகிவிடும், எது ராஜா எது ராணி என்று யாராலும் சொல்ல முடியாது.

இந்த ஆறு ஒரு காலத்தில் எல்லைக்கோடாகவும் இருந்தது. ஒரு கரை மைசூர் அரசருடையது, மறு கரை வட கன்னட மாவட்டம். அந்த மாவட்டம் 1862 வரை நம் சென்னை மாகாணத்திலும் பின்னர் பம்பாய் மாகாணத்திலும் இருந்தது. 1956இல் மாநிலங்கள் திருத்தியமைக்கப்பட்டபோதுதான் இரு கரையும் ஒரே மாநிலமாயின. கன்னடியர்களுக்கு ஜோக் வாழ்நாளில் ஒருமுறையாவது பார்க்க வேண்டிய இடம். 1992இல் வந்த 'ஜீவன சைத்ரா' படத்தில் ராஜ்குமார் ஜோகைப் பற்றிப் பாடிய பாட்டு அந்த எண்ணத்தை வீட்டுக்கு வீடு கொண்டுசேர்த்தது. எங்கள் பேருந்திலும் மாலையில் அதைப் போட்டார்கள். ஓட்டுநரும் சேர்ந்து பாடினார்.

நாங்கள் போய் நின்றபோது எதிரே வெண்திரை போட்டாற்போல் மூடுபனி. இரைச்சல் மட்டும் கேட்கிறது, அருவியைக் காணோம். முக்கால் மணி நேரம் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றோம். திடீரென்று காற்று திரும்பியது. பனி கிழிந்து, முதலில் ராஜாவின் தலை, பிறகு உடல், பிறகு நான்கும். பத்து நிமிடத்துக்குள் மீண்டும் மூடிக்கொண்டது. மழைக்காலத்தில் போகிறவர்கள் இந்தக் காத்திருப்புக்கு மனத்தைத் தயார்செய்துகொள்ள வேண்டும்.

தண்ணீர் எங்கே போகிறது?

"படத்தில் பார்த்த அளவுக்குத் தண்ணீர் இல்லையே அப்பா?" என்றாள் என் மகள். நியாயமான கேள்வி. அருவிக்கு மேலே லிங்கனமக்கி அணை இருக்கிறது. 1964இல் கட்டப்பட்ட அது ஷராவதியின் நீரைத் தேக்கி மின்நிலையங்களுக்கு அனுப்புகிறது. அணை நிரம்பி மதகு திறந்தால் மட்டுமே பழைய ஜோக். மற்ற நாட்களில் அணைக்குக் கீழே பெய்யும் மழைதான் அருவிக்கு ஆதாரம். கோடையில் போனால் ஈரப் பாறையைத்தான் பார்க்கலாம்.

அந்தத் தண்ணீர் வீணாகப் போகவில்லை. ஜோகின் அடிவாரத்தில் 1948இல் தொடங்கிய மின்நிலையம் இன்று மகாத்மா காந்தி பெயரைத் தாங்கியிருக்கிறது. லிங்கனமக்கி நீரில் ஓடும் ஷராவதி மின்நிலையத்தின் திறன் 1,035 மெகாவாட். 1980களில் ராய்ச்சூர் அனல் மின்நிலையம் வரும்வரை இந்த மாநிலம் விளக்கேற்றுவதற்குப் பெரிதும் ஷராவதியையே நம்பியிருந்தது. பெங்களூரின் ஆலைகளில் வேலைக்கு வந்த நம் தந்தையர் காலத்து இயந்திரங்களைச் சுழற்றியதில் இந்த அருவிக்குப் பெரும் பங்கு உண்டு.

இதில் எனக்கு வியப்பில்லை. என் தாத்தா வடாற்காட்டிலிருந்து கோலார் தங்கவயலுக்குச் சுரங்க வேலைக்கு வந்தவர். அந்தச் சுரங்கங்களுக்கு 1902இல் மின்சாரம் கொடுத்ததும் ஓர் அருவிதான், காவிரியின் சிவனசமுத்திரம். சுமார் 147 கிலோமீட்டர் தூரம் கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுபோனது அன்று உலகம் கண்டு வியந்த வேலை. அதற்கு வித்திட்ட மைசூர் திவான் சேஷாத்ரி ஐயர் பாலக்காட்டுத் தமிழர். மின்சாரம் வருவதற்கு முந்தைய ஆண்டே அவர் காலமாகிவிட்டார். பெங்களூருக்கு மின்விளக்கு வந்ததே 1905இல்தான். நகரத்துக்கு முன்பே பூமிக்கடியில் நம்மவர்கள் தங்கம் வெட்டிய இடத்துக்கு அருவி மின்சாரம் போய்விட்டது.

மூழ்கிய ஊர்கள்

எங்கள் வழிகாட்டி அந்தப் பக்கத்துக்காரர், ஐம்பது வயதிருக்கும். பகலெல்லாம் சிரிக்கச் சிரிக்கப் பேசியவர், அணையைப் பற்றிச் சொல்லும்போது குரலைத் தாழ்த்தினார். "எங்கள் தாத்தாவின் பாக்குத் தோட்டத்தைப் பார்க்க வேண்டுமென்றால் கோடையில் வாருங்கள் சார். தண்ணீர் வற்றினால் கொஞ்சம் தெரியும்" என்று கன்னடத்தில் சொன்னார். பேருந்தில் சற்று நேரம் யாரும் பேசவில்லை.

லிங்கனமக்கிக்காக வீடும் வயலும் இழந்த குடும்பங்கள் பல. அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் மாற்று நிலத்துக்குச் சரியான பட்டா கிடைக்காத பிரச்சினை பல குடும்பங்களுக்குத் தீராமல் நீண்டுகொண்டே வந்திருக்கிறது. அணை நீர் சூழ்ந்து தீவுகளைப் போலாகிவிட்ட சிகந்தூர்ப் பக்கத்து ஊர்கள், பல பத்தாண்டுகள் அவசர நோயாளியைக்கூடப் படகுத் துறையில் காத்திருந்துதான் கரைசேர்க்க வேண்டியிருந்தது. அங்கே பாலம் திறக்கப்பட்டது 2025 ஜூலையில்தான்.

கதை அத்தோடு முடியவில்லை. லிங்கனமக்கி நீரைப் பெங்களூர்க் குடிநீருக்குக் கொண்டுவரலாம் என்ற பேச்சு எழுந்தபோது, 2019இல் சிவமொக்கா மாவட்டமே எதிர்த்து நின்றது. இப்போது தாளகளலே, கேருசொப்பா நீர்த்தேக்கங்களுக்கு இடையே 2,000 மெகாவாட் திட்டம் ஒன்று தீட்டப்பட்டிருக்கிறது. மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் நீரை மேலே ஏற்றி, தேவைப்படும் நேரத்தில் கீழே விட்டு மின்சாரம் எடுப்பது அதன் முறை. சூரிய மின்சாரம் பெருகிவரும் காலத்தில் இத்தகைய ஏற்பாடு தேவை என்பது ஒரு பக்கம். அது அமையவிருப்பது சோலைமந்திகளின் சரணாலயத்துக்குள் என்பது மறுபக்கம்.

காட்டின் கணக்கு

சிங்கவால் குரங்கு என்றும் சொல்லப்படும் சோலைமந்தியை நம்மில் சிலர் வால்பாறையில் பார்த்திருக்கலாம். கரிய உடல், முகத்தைச் சுற்றி வெண்பிடரி, வால் நுனியில் குஞ்சம். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் காட்டில் இல்லை. பெரும்பாலும் மரத்தின் உச்சியிலேயே வாழ்ந்து, கிளைவிட்டுக் கிளை தாவியே இடம்பெயரும். நடுவே சாலையோ மின்கம்பிப் பாதையோ வந்து மரக்கூரை அறுந்தால் ஒரு கூட்டம் இந்தப் பக்கமும் மறு கூட்டம் அந்தப் பக்கமும் சிக்கிக்கொள்ளும். இதைக் காக்கத்தான் 2019இல் ஷராவதிப் பள்ளத்தாக்குச் சரணாலயம் விரிவாக்கப்பட்டது.

இந்த மழைக்காட்டில் இன்னொரு விந்தை, ஜாதிக்காய் இனத்து மரங்கள் நிற்கும் சதுப்புகள். சேற்று நீரில் மூச்சுவிட வழியில்லாததால் வேர்கள் முழங்காலை மடக்கியதுபோல் நீருக்கு மேலே எழுந்து நிற்கும். குமரி மாவட்டத்தில் மீன் குழம்புக்குப் போடும் குடம்புளியும் இக்காடுகளில் விளைகிறது. உப்பகே என்கிறார்கள். ஊராரும் அதைப் பொறுக்கி விற்கிறார்கள், சோலைமந்தியும் அதைத் தின்கிறது.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்

1. ஜூலை முதல் செப்டம்பர் வரை ஏற்ற காலம். லிங்கனமக்கியின் முழு மட்டம் 1,819 அடி. நீர்மட்டம் அதை நெருங்கும் செய்தி வந்தால் உடனே இடம் பதிவு செய்யுங்கள்.

2. அடிவாரம் வரை சுமார் 1,400 படிகள். மழைக்காலத்தில் பெரும்பாலும் மூடிவிடுவார்கள். திறந்திருந்தாலும் முழங்கால் வலியுள்ளவர்கள் இறங்க வேண்டாம். 76 வயதான என் தாயார் மேலேயே நன்றாகப் பார்த்துவிட்டார்.

3. காட்டுப் பாதையில் அட்டை ஏறும். நீண்ட காலுறை போடுங்கள். கடித்தால் பிய்த்து இழுக்காமல் உப்பு தூவுங்கள், தானே விழும். இரத்தம் சற்று நேரம் வழியும், பயப்பட வேண்டாம்.

4. ஈரப் பாறையில் நின்று படம் எடுக்காதீர்கள். தடுப்புக் கம்பிக்கு இப்பால் நின்றாலே அருவி முழுதும் தெரியும்.

5. பிளாஸ்டிக் பைகளையும் தின்பண்டத் தாள்களையும் திருப்பிக் கொண்டுவாருங்கள். குரங்குகளுக்கு எதையும் கொடுக்காதீர்கள்.

6. வழிகாட்டியிடம் நமக்குத் தெரிந்த கன்னடத்தில் பேசுங்கள். ஆங்கிலத்தில் கேட்டால் உயரமும் ஆண்டும் சொல்வார். அவர் மொழியில் கேட்டால் தன் ஊர்க்கதையைச் சொல்வார்.

7. சாகரில் கரும்புச்சாறும் அரிசி மாவும் சேர்த்துப் பானையின் மேல் தாள்போல மெல்லியதாகச் சுடும் தொடதேவு என்ற இனிப்புக் கிடைக்கும். பேருந்துக் குலுக்கலில் நொறுங்கிவிடும், மடியில் வைத்துக்கொண்டு வாருங்கள்.

முப்பது நாற்பது பேர் சேர்ந்தால் தனிப் பேருந்தே பேசிக்கொள்ளலாம். செலவும் குறையும், பிள்ளைகளுக்கும் கூட்டாளிகள் கிடைப்பார்கள். விருப்பமுள்ள குடும்பங்கள் ஜூன் மாதத்துக்குள் கலந்து பேசி நாள் குறித்துக்கொள்வது நல்லது. ஆகஸ்டு விடுமுறை நாட்களில் சாகரில் தங்க அறை கிடைப்பது அரிது.