விளம்பர ஏலமும் வதந்தியும் ஒரே வகுப்பறையில்

பெருநாள் நெருங்கினால் காத்தான்குடியின் துணிக்கடைக்காரர்கள் இப்போது நோட்டீஸை மட்டும் நம்பியிருப்பதில்லை. சாரனையும் அபாயாவையும் படமெடுத்து பேஸ்புக்கில் போட்டு, சில ஆயிரம் ரூபா கட்டி ‘பூஸ்ட்’ செய்கிறார்கள். அந்தப் பணத்துக்கு எத்தனை பேர் பார்ப்பார்கள் என்று யார் தீர்மானிக்கிறார்கள்? பக்கத்துக் கடைக்கு அதே பணத்தில் இரண்டு மடங்கு பேர் கிடைத்தது எப்படி? கடைக்காரருக்குத் தெரியாது. பட்டம் முடித்து வந்த அவரது மகனுக்கும் பெரும்பாலும் தெரியாது.

இதைச் சொல்லிக்கொடுக்க ஒரு வழி இருக்கிறது. அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் பொருளியலாளர் டேவிட் ஈஸ்லியும் கணினி விஞ்ஞானி ஜோன் கிளைன்பேர்க்கும் சேர்ந்து ஒரு பாடநெறியை நடத்தி, அதிலிருந்து எழுதிய நூல் 2010இல் வெளிவந்தது. இணையத்தில் அதை இலவசமாகப் படிக்கலாம். நட்பு வலையமைப்பும் தேடுபொறி விளம்பர ஏலமும் அந்த ஒரே நூலுக்குள் வருகின்றன. நமது தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் முகாமைத்துவமும் வணிகமும் ஒலுவிலில், பிரயோக விஞ்ஞானம் சம்மாந்துறையில். இரண்டுக்கும் இடையே பஸ்ஸில் போகும் தூரம்தான். இரு பக்கத்திலிருந்தும் பதினைந்து பேரைச் சேர்த்து, வாரம் ஒரு ஆய்வுக் கட்டுரையை ஒருவர் விளக்க, மற்றொருவர் மறுத்துப் பேச, ஒரு தவணை நடத்தினால் போதும். விரிவுரைக் குறிப்பை மனனம் செய்யும் வகுப்பாக அது மாறிவிடக் கூடாது.

முதல் வாரத்துக்குக் கடிதவுறை போதும். மூன்று மாணவர்கள் கடைக்காரர்கள். ஒரு கிளிக்குக்கு எவ்வளவு தருவார்கள் என்று எழுதி ஒட்டிக் கொடுக்க வேண்டும். மீன் ஏலத்தில் கூடக் கேட்டவருக்கே மீன் என்பது நமக்குப் பழக்கம். இங்கே அப்படியல்ல. ஒரு கடை 60 ரூபா கேட்கிறது, ஆனால் பார்க்கும் 100 பேரில் ஒருவர்தான் அதன் விளம்பரத்தைத் தொடுவார் என்று கணினி மதிப்பிடுகிறது. இன்னொரு கடை 30 ரூபாதான் கேட்கிறது, ஆனால் மூவர் தொடுவார்கள் என்கிறது மதிப்பீடு. நூறு பேருக்குக் காட்டினால் முதலாவதில் 60 ரூபா, இரண்டாவதில் 90 ரூபா. ஆகவே குறைவாகக் கேட்டவர் வெல்கிறார். வென்றவர் தான் எழுதிய முழுத் தொகையையும் கட்டுவதில்லை என்பது அடுத்த வியப்பு. தோற்றவரை முந்தத் தேவையான அளவு கட்டினால் போதும் என்ற யோசனையின் வேர் வில்லியம் விக்ரி 1961இல் எழுதிய கட்டுரையில் இருக்கிறது. அவருக்கு 1996இல் நோபல் பரிசு கிடைத்தது. பேஸ்புக்கின் ஏலமும் அவர் வழியில் வந்ததுதான்.

இந்தக் கணக்கில் உண்மையான சரக்கு துணியல்ல, ‘யார் எதைத் தொடுவார்’ என்ற முன்கணிப்பு. மக்கள் அதிக நேரம் தங்கினால் முன்கணிப்பு கூர்மையாகும், விற்க இடமும் கூடும். பணம் கட்டாத சாதாரணப் பதிவுகளையும் இதே போன்ற முன்கணிப்பே வரிசைப்படுத்துகிறது. கருத்திடவும் பகிரவும் தூண்டும் பதிவுகளுக்கு முன்னுரிமை தருவதாக பேஸ்புக் 2018 ஜனவரியில் அறிவித்தது.

அந்தப் பெப்ரவரி இறுதியில் அம்பாறையில் நடந்ததை நாம் மறக்கவில்லை. முஸ்லிம் உணவகமொன்றின் கறியில் இருந்த கட்டியை மலட்டு மாத்திரை என்றார்கள். காணொளி பரவியது, பள்ளிவாசல் தாக்கப்பட்டது. அது வெறும் மாவுக்கட்டி என்று அரச பகுப்பாய்வாளர் பின்னர் கூறினார். அதற்குள் மார்ச்சில் திகன எரிந்தது. அரசு பேஸ்புக்கையும் வட்ஸ்அப்பையும் முடக்கியது. அந்த வன்முறையில் தன் தளத்துக்கிருந்த பங்குக்காக 2020 மேயில் பேஸ்புக் மன்னிப்புக் கோரியது. ஜனவரி மாற்றம்தான் காரணம் என்று சொல்ல முடியாது, இனவாதம் அதற்கு முன்பே இருந்தது. ஆனால் கோபம் நன்றாக ஓடும் ஒரு இயந்திரம் அதன் கையில் கிடைத்தது.

இங்கேதான் வலையமைப்புப் பாடம் தேவைப்படுகிறது. சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973இல் ஒன்றைக் காட்டினார்: புதிய செய்தி நெருங்கிய உறவுகளிடமிருந்து குறைவாகவே வரும், எப்போதாவது பேசும் அறிமுகங்களே அதைக் கொண்டுவரும். நமது ஊரின் வட்ஸ்அப் குழுக்களைப் பாருங்கள். மச்சானிடம் வந்தது மாமாவிடமும் வந்திருக்கும், இரண்டையும் பார்த்தவர் ‘எல்லோரும் சொல்கிறார்கள்’ என்பார். மாவுக்கட்டி பற்றிய விளக்கம் நமக்குள் நூறு தடவை சுற்றியிருக்கும். அது போய்ச் சேர வேண்டிய இடம் சிங்களக் குழுக்கள். அங்கே நமக்கு அறிமுகங்கள் எத்தனை?

பிரயோக விஞ்ஞான, பொறியியல் பீடங்களில் சிங்கள மாணவர்களும் படிப்பது இந்த வகுப்புக்குப் பெரும் பலம். மெட்டாவின் விளம்பர நூலகத்தில் இப்போது ஓடும் விளம்பரங்களை எவரும் பார்க்கலாம், சாதாரண வர்த்தக விளம்பரங்களுக்குச் செலவுத்தொகை மட்டும் இருக்காது. சிங்களத்தில் ஓடுவதைச் சிங்கள மாணவர் வாசித்துச் சொல்ல, தமிழில் ஓடுவதை நம்மவர் சொல்ல, இருவரும் ஒரே தாளில் வலையை வரையலாம். முதல் தவணைக்கு அந்த ஒரு தாள் போதுமான ஒப்படை.